மூணாவது மலை

பூட்டுக்காரரின் பிடியிலிருந்து அந்தப் பெண் எப்போதுதான் வெளியே வருவாள் என்று பல வாரங்களாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். திட்டுங்கள், உங்களுக்கு இல்லாத உரிமையா. இன்று காலை அவளுக்குத் தாயம் விழுந்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்கள் முழிக்க வேண்டாம். நம் கதையில் ஓர் அண்ணன், ஓர் அண்ணி, ஒரு தங்கை. அண்ணன் ஊரைச் சுற்றி வரும் ரவுண்டு பஸ்ஸின் டிரைவர். இப்போது தொடை வரை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார். அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். தங்கைக்கு வீட்டில் 'பழம்' என்று பெயர். அவ்வளவு சாது.

பழம் என்ற பெயர் வந்ததே தாயக்கட்டத்தில்தான். அந்த ஆட்டத்தில் எதிராளியின் காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் நம் காய் உள்கட்டத்துக்குள் நுழைய முடியும். உள்ளே போய் நடுக்கட்டத்தில் ஏறினால் காய் பழமாகும். இவளோ யாரையும் வெட்ட மாட்டாள். வெட்டுகிற எண் விழுந்தாலும், பாவம் என்று வேறு காயை நகர்த்திவிடுவாள். அதனால் இவள் காய்கள் எல்லாம் வெளிவட்டத்திலேயே ரவுண்டு பஸ் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். காய் ஒன்றும் பழமாகாத வீட்டில் நீயே பழமாக இரு என்று அண்ணன் வைத்த பெயர் அது.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பூட்டுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஊரில் எந்தக் கதவு மாட்டிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதிர்ந்து பேச மாட்டார். பெண்களிடம் தலை நிமிர மாட்டார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அந்தத் தங்கம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு என்ன செய்யும் என்பது பழத்துக்கு மட்டும்தான் தெரியும். கையில் கன்றிப்போன தடம் தெரிந்தால், படியில் விழுந்துவிட்டேன் என்பாள். அண்ணி நம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது தரைத்தள வீடு. அங்கே படியே கிடையாது.

பழத்தின் செல்போன் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும், தான் பக்கத்தில் இருக்கும்போது, அண்ணன் வீட்டோடு பேச விடுவார். அண்ணனும் தங்கையும் போனிலேயே தாயம் ஆடுவார்கள். இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. "எனக்கு அஞ்சு", "என் காய் மலையில ஏறிடுச்சு" என்று இவர்கள் கத்துவதை அவர் கேட்டும் கேட்காமலும் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன வாரம், கால் உடைந்த மச்சானைப் பார்க்க மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை. வாசலிலேயே நின்று கதவுப் பூட்டைத் தடவிப் பார்த்தார். நல்ல பூட்டு அக்கா, பழைய வேலைப்பாடு, சாவியைக் கொஞ்சம் காட்டுங்க என்று அண்ணியிடம் கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கொடுத்தார். அண்ணி அதை ஆணியில் மாட்டிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் கட்டிலின் மேல் பலகையை வைத்து, ஆடுகிற மாதிரி தங்கைக்கு வழி சொல்லிக் கொடுத்தார். தாயக்கட்டத்தில் ஒவ்வொரு பக்கத்து நடுவிலும் பெருக்கல் குறி போட்ட கட்டம் ஒன்று உண்டு. அதற்கு மலை என்று பெயர். மலையில் நிற்கிற காயை யாரும் வெட்ட முடியாது. அண்ணன் விரலை வைத்து, இது ஸ்டேஷன், இது டிப்போ, இது பெரிய ஆஸ்பத்திரி, இது நூலகம் என்று முணுமுணுத்தார். நாலும் ரவுண்டு பஸ் நிற்கும் இடங்கள். நாலும் ஆள் நடமாட்டம் உள்ள இடங்கள். பூட்டின வீடு எதுவும் உனக்கு மலை கிடையாது, அவருக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை, கூட்டம்தான் மலை என்று சொன்னார். தாயம் விழுந்தாத்தானே காய் இறங்கும், அதனால தாயம் விழுந்துச்சுன்னா கிளம்பிட்டேன்னு அர்த்தம். எத்தனையாவது மலைன்னு மட்டும் சொல்லு.

விருந்தாளிகள் போன பிறகு அண்ணியையும் உட்கார வைத்து அதே பலகையைக் காட்டினார். அண்ணி கவனமாகப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டாள். இவ்வளவுதான் முன்கதை.

இன்று காலை அண்ணி கடையில் ஒரு பெரியவரின் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் மிஷின் போடுகிற சத்தத்தில் போன் அடித்ததே முதலில் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தால் பூட்டுக்கடையின் நம்பர். அவள் மிஷினை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணி, தாயம் விழுந்துடுச்சு. மூணாவது மலைக்குப் போறேன்."

குரல் சாதாரணமாக இருந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் காதில் விழும் தூரத்தில் இருப்பார், அவர் பூட்டுக்காரரின் சிநேகிதர், அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று அண்ணிக்குப் புரிந்தது. சரி, ஏறினா இறங்காதே, நான் வந்து சேர்றேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். அடுத்த தெருவில் யாரோ காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிக்கொண்டார்களாம். பூட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது, கடையைப் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன் என்று மனைவியிடம் சொன்னார். அவர் 'இதோ' என்றால் நிஜமாகவே இதோ வந்துவிடுவார். அதற்குள் அவள் போன் பேசி, செருப்பை மாட்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். தன் வாழ்க்கையில் அவள் எடுத்த பெரிய முடிவு இதுதான். அதைத் தையல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியிடம் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று பாதி உண்மை சொல்லிவிட்டு அண்ணி கிளம்பினாள். மூன்றாவது மலை என்றால் ஸ்டேஷன். அவள் மனதில் பலகை பளிச்சென்று இருந்தது. கடை வாசலிலேயே ரவுண்டு பஸ் கிடைத்தது. ஏறினாள். கண்டக்டர் தெரிந்தவர். டிரைவர் சாருக்குக் கால் எப்படி இருக்கு என்று விசாரித்தார். அண்ணி என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

அண்ணன் ஆடும்போது ஓயாமல் ஒன்று சொல்வார். முன்னாடி நிக்கிற காயைப் பார்த்துப் பயப்படாதே, அதால உன்னை ஒண்ணும் பண்ண முடியாது. பின்னாடி வர்ற காயைப் பாரு, அதுதான் உன்னை வெட்டும். அண்ணி பஸ்ஸின் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனாள். பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். நானும் எழுதிக்கொண்டே கத்திப் பார்க்கிறேன், அவள் காதில் விழவில்லை.

ஸ்டேஷனில் பழம் இல்லை.

டிக்கெட் வரிசையில் இல்லை. பெண்கள் காத்திருக்கும் அறையில் இல்லை. அண்ணி கழிவறை வரை போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். உள்ளேயிருந்து ஓர் அம்மா எரிந்து விழுந்தாள். நடைமேடையில் பழத்தின் உயரத்தில், பழத்தின் பின்னலோடு ஒருத்தி நின்றாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்டால் வேறு முகம்.

இன்னும் வந்து சேரவில்லையோ என்று ஒரு தூணின் அருகே நின்றாள். நிற்க முடியவில்லை. மாட்டிக்கொண்டாளோ, வழியிலேயே பிடித்துவிட்டாரோ, இந்நேரம் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தியிருப்பாரோ என்று நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் இன்று தூணுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணிடம் போன் இல்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்கக்கூட வழியில்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வலி மாத்திரை போட்டால் அவர் கும்பகர்ணன்தான். அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் கலக்கம் எல்லாம் எங்கேயோ பறந்தது. மூணாவது மலைன்னா ஸ்டேஷன்தானே, இங்கே அவளைக் காணோம் என்று அண்ணி அழுகிற குரலில் சொன்னாள்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"நீ எந்தப் பக்கம் உக்காந்து பார்த்தே?"

"ஜன்னல் பக்கம். ஏன்?"

"அவ வாசல் பக்கம் உக்காந்திருந்தா."

தாயம் ஆடுகிறவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான முதல் மலை கிடையாது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்தப் பக்கத்து மலையிலிருந்துதான் அவரவர் காய் இறங்கும், அங்கிருந்துதான் எண்ண வேண்டும். எதிரும் புதிருமாக உட்கார்ந்த இருவருக்கு, ஒருத்தியின் முதல் மலை மற்றவளுக்கு மூன்றாவது. வாசல் பக்கத்து மலை ஸ்டேஷன். ஜன்னல் பக்கத்து மலை பெரிய ஆஸ்பத்திரி. பழம் சொன்ன மூன்றாவது மலை ஆஸ்பத்திரி. ஊரின் மறுகோடி.

அண்ணிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வேலையில் சேர்ந்த முதல் நாள் அவள் கற்றுக்கொண்ட பாடமே இதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கண் நமக்கு இடப்பக்கம் இருக்கும், மாற்றித் தேய்த்துவிடாதே என்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு லென்ஸ்கூட அவள் மாற்றித் தேய்த்ததில்லை. இன்று ஒரு மனுஷியையே இடம் மாற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.

டாக்சி பிடித்தாள். அண்ணன் போனில், பயப்படாதே, நான் டிப்போவில எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், எந்த பஸ்ஸில அவளைப் பார்த்தாலும் பத்திரமா உக்கார வைப்பாங்க என்றார். தன்னால் எழுந்து ஓட முடியவில்லையே என்ற ஆத்திரம் அவர் குரலில் தெரிந்தது. வீட்டு வாசல் கதவு? காலையில் வழக்கம்போல அண்ணிதான் வெளியிலிருந்து பூட்டிவிட்டு வந்திருந்தாள். யாராவது வந்தால் அவரால் எழுந்து போய்த் திறக்க முடியாது என்பதற்காக.

ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இரும்புக் கம்பியில் கோத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். டோக்கன் எண் மாறும்போதெல்லாம் ஒரு மணி அடித்தது. நடு வரிசையில், கைப்பை எதுவும் இல்லாமல், மடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு பழம் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த டோக்கன் ஒன்றைக்கூட வாங்கி வைத்துக்கொண்டு, உண்மையான நோயாளியைப் போல நல்ல பிள்ளையாக இருந்தாள்.

அண்ணியைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. எழுந்திருக்கவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளை இறுக்கி அணைத்தாள். மன்னிச்சுக்கோ, நான் என் பக்கத்துல இருந்து எண்ணிட்டேன் என்றாள்.

பழம் சிரிக்கப் பார்த்தாள். "நான் என் பக்கத்துல இருந்து எண்ணினேன் அண்ணி. உங்களைக் காணோமேன்னு அப்புறம்தான் யோசிச்சேன். ஆனா எங்கேயும் போகலை. ஏறினா இறங்காதேன்னு சொன்னீங்களே."

இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்திருக்கலாம். நீங்களும் நிம்மதியாகப் பத்திரிகையை மூடி வைத்திருப்பீர்கள். ஆனால் பழத்துக்கு மறுபக்கம் இருந்த நாற்காலியில் அந்த நேரத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வேலைக்குப் போகும் பையை மடியில் வைத்துக்கொண்டார். பைக்குள் இரும்புகள் உரசுகிற சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே பழத்தின் உடம்பு விறைத்துப்போனது. அது யார் என்று அண்ணிக்கு அந்த விறைப்பிலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா ரொம்ப அலைஞ்சுட்டீங்க" என்றார் பூட்டுக்காரர். "முதல்ல ஸ்டேஷனுக்கு எதுக்குப் போனீங்கன்னுதான் எனக்குப் புரியலை."

கடைக்குத் திரும்பியதும், அவள் அண்ணிக்குப் போன் பேசிவிட்டு நடந்ததைத் தையல்காரர் சொல்லியிருக்கிறார். பூட்டுக்காரரோ மனைவியைத் தேடவே இல்லை. நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய், அண்ணி பஸ் ஏறுவதைப் பார்த்து, ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்திருக்கிறார். பஸ்ஸுக்குப் பின்னால், பிறகு டாக்சிக்குப் பின்னால். அண்ணி சரியாக எண்ணியிருந்தாலும் இவர் பின்னாலேயே வந்திருப்பார்; பஸ்ஸில் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் இவரை வேறெங்காவது சுற்றவிட்டிருக்கலாமோ என்னவோ. இந்தக் கணக்கை அண்ணி இனி எத்தனை ராத்திரி போட்டுப் பார்க்கப்போகிறாளோ.

தம்பி, அவ கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும் என்று அண்ணி சொன்னாள். குரல் தனக்கே கேட்கவில்லை என்று தோன்றி இன்னொரு தடவை சொன்னாள்.

அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. முன் வரிசையில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தார்.

"இருக்கட்டும் அக்கா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானும்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்கும் ஆட்டம் வந்துடுச்சு. மலையில இருக்கிற காயை வெட்ட முடியாது, ஆனா பக்கத்துல வந்து நிக்கலாம். சரிதானே?"

டோக்கன் மணி அடித்தது.

"அதே மாதிரி, மலையிலேயே குடியிருக்கவும் முடியாது. எப்பவாவது இறங்கித்தான் ஆகணும்."

அவர் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து எதையோ எடுத்தார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அதை மெல்ல வைத்தார். புதுச் சாவி. இன்னும் அரம் போட்ட பளபளப்பு போகாத சாவி.

"மச்சான் இந்நேரம் தனியாத்தானே இருப்பார். கால் எப்படி இருக்குன்னு ஒரு எட்டுப் பார்த்துட்டு வர்றேன். இதை நீங்க வச்சுக்கங்க அக்கா. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

கூட்டத்தில் வழி கேட்டு, ஒரு கிழவரின் கைத்தடியை எடுத்துக் கொடுத்து, மரியாதையாக நடந்து வெளியே போனார். பார்க்கிறவர்கள் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள்.

அண்ணி அந்தச் சாவியை எடுத்தாள். தன் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினாள். லென்ஸின் விளிம்பில் மயிரிழை வித்தியாசத்தைப் பிடிக்கிற கண் அவளுடையது. பல்லுக்குப் பல் ஒன்றாக இருந்தது. போன வாரம் ஆணியில் மாட்டும்போது சாவி லேசாக வழவழவென்று இருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அச்சு எடுக்க அவர் உள்ளங்கையில் மெழுகு வைத்திருந்திருக்கிறார்.

வீடு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவது ஸ்டாப். ஸ்கூட்டருக்கு அது ஒரு தூரமே இல்லை.

அண்ணி போன் போட்டாள். அண்ணனின் லைன் பிஸி. டிப்போக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் போல. மறுபடியும் பிஸி. கட்டிலில் அசைய முடியாமல் கிடக்கிற மனுஷன், வெளியிலிருந்து பூட்டின வீடு, அதற்கு ஒரு சாவி. வா, ஓடலாம், டாக்சி பிடிக்கலாம் என்று பழத்தின் கையைப் பிடித்து இழுத்தாள்.

பழம் எழுந்தாள். ஆனால் நகரவில்லை. அவள் உதடு வெளுத்திருந்தது. இவ்வளவு பயந்தவள் இவ்வளவு தெளிவாகப் பேசி அண்ணி கேட்டதில்லை.

"அண்ணி, அவருக்கு அண்ணன் வேணாம். நான்தான் வேணும். மலையில இருக்கிற காயை இறக்கணும்னா இன்னொரு காயைத் தொடுவாங்க. அதைக் காப்பாத்த நாம இறங்கிடுவோம். அண்ணன் என்னை எப்பவும் இப்படித்தான் ஜெயிப்பார்."

அப்போ அவரை அப்படியே விட்டுடறதா என்று அண்ணி கத்திவிட்டாள். நாலைந்து தலைகள் திரும்பின.

"விடலை. இறங்கத்தான் போறேன். ஆனா சும்மா இறங்க மாட்டேன்."

கூடத்தின் மூலையில், மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்கென்று ஒரு போலீஸ் மேசை உண்டு. ஒரு போலீஸ்காரம்மா அங்கே தட்டில் எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழம் அதை நோக்கி நடந்தாள். நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணி ஒரு கையில் போனும் ஒரு கையில் இரண்டு சாவிகளுமாகப் பின்னாலேயே போனாள்.

போலீஸ்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். பழத்தின் கழுத்தோரம் இருந்த தடம் அவர் கண்ணில் பட்டது. என்னம்மா, எப்படி ஆச்சு என்று பழகின குரலில் கேட்டார்.

பழம் வாயைத் திறந்தாள். படியில் என்று ஆரம்பித்தாள். மூன்று வருஷமாக நாக்குக்குப் பழகின வார்த்தை, தானாக வந்துவிட்டது. அதோடு நின்றாள். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"படியில விழுந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்க வீட்டுல படியே கிடையாதும்மா. என் புருஷன் அடிச்சது. இப்ப எங்க அண்ணனைத் தேடிப் போயிருக்கார். அவர்கிட்ட அண்ணன் வீட்டுச் சாவி இருக்கு."

சின்ன வயதிலிருந்து ஒரு காயைக்கூட வெட்டாதவள். அண்ணிக்கு அந்த நிமிஷத்திலும் அது மனதில் ஓடியது. அழுகை வந்தது. பயம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை.

போலீஸ்காரம்மா தட்டைத் தள்ளி வைத்தார். கேள்வி மேல் கேள்வி கேட்கவில்லை, அந்த வகையில் நல்ல மனுஷி. முகவரி என்ன என்று மட்டும் கேட்டார். பழம் சொல்லச் சொல்ல அவர் வயர்லெஸ்ஸில் சொன்னார். ஜீப் நூலகத்துப் பக்கம் நிற்கிறது, கிளம்பச் சொல்லியாச்சு என்று கரகரத்தபடி பதில் வந்தது. நூலகத்திலிருந்து வீட்டுக்கு ரோடு சும்மா இருந்தால் சீக்கிரம். காலை நேரத்தில் அந்த ரோடு எப்போது சும்மா இருந்தது என்று டிரைவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி விடாமல் போனை அழுத்திக்கொண்டிருந்தாள். பிஸி. பிஸி. பிறகு திடீரென்று மணி போனது. பழம் அவள் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன.

அண்ணன் எடுத்தார். இவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

"வாசல்ல நின்னுக்கிட்டே எதுக்குடி போன் பண்றே? அதான் சாவி திரும்புற சத்தம் கேக்குதே. பழத்தைக் கூட்டிக்கிட்டு சீக்கிரம் உள்ளே வா."